லினக்ஸ் இலவசம்தான்... ஆனா உங்க சாஃப்ட்வேர் அதுல ஓடுமா? புது லேப்டாப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு. அதுல இருந்து கமெண்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "என் லேப்டாப் 8 வருஷம் பழசு. விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லுது. 50,000 ரூபாய் போட்டு புதுசு வாங்கணுமா, இல்ல லினக்ஸ் போட்டு ஓட்டலாமா?"

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும். இன்டெல் பிராசசர்னா பொதுவா 8-ஆம் தலைமுறை அல்லது அதுக்கு மேல இருக்கணும். அதனால நல்லா ஓடிக்கிட்டு இருக்குற நிறைய லேப்டாப்புகள் திடீர்னு "பழசு" ஆகிடுச்சு. அதே லேப்டாப்புல உபுண்டு, லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா சரளமா ஓடும். செலவு பூஜ்யம். கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா யாரும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்க லேப்டாப் வாங்குறதில்ல. அதுல ஓடுற சாஃப்ட்வேருக்காகத்தான் வாங்குறோம். அந்த சாஃப்ட்வேர் கம்பெனி லினக்ஸுக்கு சப்போர்ட் தருதா இல்லையாங்கிறதுதான் உண்மையான விலை. சிலருக்கு இந்த மாற்றம் 45,000 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுக்கும். சிலருக்கு மாசா மாசம் வர்ற வருமானத்தையே நிறுத்திடும். நீங்க எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, சப்போர்ட்னா என்ன?

"என் ஃப்ரெண்ட் லினக்ஸ்ல அதை ஓட்டுறான்"னு சொல்றதும், "கம்பெனி சப்போர்ட் தருது"ன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல. ஹெல்த் இன்சூரன்ஸ் உதாரணத்தோட பார்த்தா சுலபமா புரியும்.

உங்க பாலிசியில ஒரு நெட்வொர்க் ஆஸ்பத்திரி பட்டியல் இருக்கும். அதுல இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போனா கேஷ்லெஸ். பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரியிலயும் அதே ஆபரேஷன் நல்லாவே பண்ணுவாங்க. ஆனா முதல்ல காசு கட்டுறது, பேப்பருக்கு அலையுறது, கிளெய்ம் வருமா வராதான்னு காத்திருக்குறது எல்லாம் உங்க தலையில.

சாஃப்ட்வேர்லயும் அப்படித்தான். மொத்தம் நாலு நிலை இருக்கு.

1. அதிகாரபூர்வ சப்போர்ட்: இந்த லினக்ஸ், இந்த வெர்ஷன்னு கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கும். பிரச்சினை வந்தா சரி பண்ண வேண்டியது அவங்க பொறுப்பு. இது நெட்வொர்க் ஆஸ்பத்திரி.

2. ஓடும், ஆனா பட்டியல்ல இல்ல: உபுண்டுக்குன்னு வந்த சாஃப்ட்வேரை நீங்க வேற ஒரு லினக்ஸ்ல போடுறீங்க. ஓடிடும். போன் பண்ணிக் கேட்டா, "சப்போர்ட் பண்ற சிஸ்டத்துல போட்டுப் பாருங்க"ன்னு சொல்லிடுவாங்க.

3. பிரவுசர் வழியா: தனி ஆப் கிடையாது, ஆனா குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ்ல வெப்சைட்டா ஓடும். சில வசதிகள் குறையலாம்.

4. எதுவும் இல்ல: விண்டோஸ், மேக் மட்டும்தான். வைன் மாதிரி மாற்று வழியில ஓட்டிப் பார்க்கலாம். ஓடினா அதிர்ஷ்டம்.

சப்போர்ட்ல எவ்வளவு காசு இருக்குன்னு புரிய ஒரே ஒரு உதாரணம். ரெட் ஹாட் கம்பெனி விக்கிற லினக்ஸோட சோர்ஸ் கோட் திறந்தது. அப்படியும் ஐபிஎம் அந்தக் கம்பெனியை 2019-ல 34 பில்லியன் டாலருக்கு வாங்குச்சு. ரெட் ஹாட் முக்கியமா விக்கிறது "பிரச்சினைன்னா நாங்க இருக்கோம்"ங்கிற சந்தாவைத்தான். இலவசமா கிடைக்கிற பொருளுக்குப் பின்னாடி நிக்கிற பொறுப்புக்குத்தான் அந்த விலை.

ஏன் பல கம்பெனிகள் லினக்ஸுக்கு சப்போர்ட் தர்றதில்ல?

"மைக்ரோசாஃப்ட் சதி" அப்படின்னு சிலர் சொல்லுவாங்க. பெரும்பாலும் சதி எல்லாம் இல்ல, சாதாரண வரவு செலவு கணக்குதான். நம்ம புரிதலுக்காக சும்மா சில எண்களை வெச்சுக்குவோம்.

ஒரு கம்பெனி வருஷத்துக்கு 3,000 ரூபாய்க்கு ஒரு சாஃப்ட்வேர் விக்குது. மொத்தம் 10,000 வாடிக்கையாளர்கள். வருமானம் 3 கோடி. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள்ல லினக்ஸோட உலகளாவிய பங்கு, ஸ்டாட்கவுன்டர் கணக்குப்படி, 2024 பிப்ரவரியிலதான் முதல் தடவையா 4 சதவீதத்தைத் தொட்டுச்சு. அந்தக் கணக்குல 400 பேர்னு வெச்சுக்குவோம். 12 லட்சம் ரூபாய்.

இப்ப செலவு. லினக்ஸ் தெரிஞ்ச ஒரு டெவலப்பர் 10 லட்சம், ஒரு டெஸ்டர் 5 லட்சம், கஸ்டமர் சப்போர்ட் 3 லட்சம். மொத்தம் 18 லட்சம். இங்கேயே 6 லட்சம் நஷ்டம்.

கதை இதோட முடியல. அந்த 400 பேர்ல 300 பேர் ஏற்கனவே இதே சாஃப்ட்வேருக்காக விண்டோஸையும் வெச்சுக்கிட்டு காசு கட்டிட்டுத்தான் இருக்காங்கன்னு வைங்க. அப்ப புதுசா வர்றது 100 பேர், 3 லட்சம் ரூபாய் மட்டும். 3 லட்சம் சம்பாதிக்க 18 லட்சம் செலவு. நீங்க அந்தக் கம்பெனியோட முதலாளியா இருந்தா என்ன பண்ணுவீங்க?

இன்னொரு தலைவலியும் இருக்கு. லினக்ஸ்னா ஒரே பொருள் இல்ல. உபுண்டு, ஃபெடோரா, டெபியன், ஆர்ச், ஓப்பன்சூசேன்னு ஒவ்வொண்ணும் வேற வேற லைப்ரரி வெர்ஷனோட வரும். இன்ஸ்டால் பண்ற ஃபைலே டெப், ஆர்பிஎம், ஸ்னாப், ஃபிளாட்பாக்னு பல வகை. ஸ்கிரீனைக் காட்டுற முறையில எக்ஸ்11, வேலண்ட்னு ரெண்டு. எல்லாத்துலயும் டெஸ்ட் பண்ணணும்னா செலவு பெருகிக்கிட்டே போகும். அதனாலதான் சப்போர்ட் தர்ற கம்பெனிகளும் பொதுவா உபுண்டு, ரெட் ஹாட்னு ஒண்ணு ரெண்டைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விட்டுடுவாங்க.

முயற்சி பண்ணிப் பார்த்தவங்க கதையையும் பாருங்க. கோரல் கம்பெனி 1998-ல வேர்ட்பெர்ஃபெக்ட் 8-ஐ லினக்ஸுக்குக் கொண்டு வந்தது. 1999-ல சொந்தமா ஒரு லினக்ஸே வெளியிட்டது. 2001-ல அந்த பிசினஸை வித்துட்டு வெளியே வந்துடுச்சு. விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாத்தி விக்கிறதையே தொழிலா வெச்சு 1998-ல ஆரம்பிச்ச லோகி சாஃப்ட்வேர் 2002 ஜனவரியில மூடப்பட்டுச்சு.

பெரிய கம்பெனிகளும் பாதியில கைவிட்டிருக்காங்க. அடோபி ரீடரோட லினக்ஸ் பதிப்பு 2013-க்கு அப்புறம் புதுப்பிக்கப்படல. மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு 2019 டிசம்பர்ல லினக்ஸ் ஆப் வந்தது. சரியா மூணே வருஷத்துல, 2022 டிசம்பர்ல அதை நிறுத்திட்டு, "பிரவுசர் வழியா பயன்படுத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. இன்னைக்கு சப்போர்ட் இருக்குன்னா அது நிரந்தரம்னு அர்த்தம் இல்ல. ரொம்ப சின்ன கூட்டத்துக்காகத் தர்ற வசதியை, பட்ஜெட் குறையும்போது முதல்ல வெட்டுவாங்க.

அப்ப சில கம்பெனிகள் மட்டும் ஏன் தர்றாங்க?

காசு எங்கே இருந்து வருதுன்னு பார்த்தா பதில் கிடைச்சிடும்.

பெரிய வாடிக்கையாளர் கேட்டா தருவாங்க. சினிமா விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்கள் பல வருஷமா லினக்ஸ்லதான் வேலை பார்க்குறாங்க. 1997-ல வந்த டைட்டானிக் படத்தோட காட்சிகளை உருவாக்கவே லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பயன்படுத்தினாங்க. அதனால ஆட்டோடெஸ்க் கம்பெனி மாயாவை லினக்ஸுக்குத் தருது. அதே கம்பெனியோட ஆட்டோகேட் லினக்ஸுக்குக் கிடையாது. கம்பெனி ஒண்ணுதான், கேக்குற வாடிக்கையாளர்தான் வேற.

வாடிக்கையாளரே டெவலப்பரா இருந்தா தருவாங்க. ஜெட்பிரெயின்ஸ் கருவிகள், விஎஸ் கோட், மேட்லேப் எல்லாம் லினக்ஸ்ல அதிகாரபூர்வமா கிடைக்குது.

தன் சொந்த பிசினஸுக்கு லாபம்னா தருவாங்க. மைக்ரோசாஃப்டே தன்னோட எஸ்க்யூஎல் சர்வரை 2017-ல லினக்ஸுக்குக் கொண்டு வந்துச்சு. கிளவுடுல லினக்ஸ் சர்வர் வெச்சிருக்குற கம்பெனிகளுக்கும் விக்கணுமே! வால்வ் கம்பெனி ஸ்டீமை 2013-ல லினக்ஸுக்குக் கொண்டு வந்தது. 2018-ல விண்டோஸ் கேம்களை லினக்ஸ்ல ஓட்டுற புரோட்டான், 2022-ல அதை நம்பியே ஸ்டீம் டெக். விண்டோஸை மட்டுமே நம்பி இருக்கக் கூடாதுன்னு அவங்க போட்ட முதலீடு அது.

உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் எல்லாமே 2017 நவம்பர்ல இருந்து லினக்ஸ்லதான் ஓடுது. ஆக, லினக்ஸ் தரத்துல குறைஞ்சது இல்ல. வீட்டு டெஸ்க்டாப்புல காசு கொடுத்து வாங்குற கூட்டம்தான் சின்னது.

லினக்ஸே பரவாயில்லை, இன்னும் சின்ன கூட்டம் இருக்கு

ஃப்ரீபிஎஸ்டின்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு. 1993-ல இருந்து வருது. நெட்ஃபிளிக்ஸ் தன்னோட வீடியோக்களை நமக்கு அனுப்புற சர்வர்கள்ல ஓடுறது இதுதான். சோனியோட பிளேஸ்டேஷன் 4 சிஸ்டமும் இதை அடிப்படையா வெச்சு செஞ்சதுதான்.

ஆனா உங்க லேப்டாப்புல ஃப்ரீபிஎஸ்டி போட்டு நெட்ஃபிளிக்ஸ் பார்க்கணும்னா? அதிகாரபூர்வ வழி இல்ல. வீடியோவை காப்பி பண்ண விடாம தடுக்குற வைட்வைன்ங்கிற பகுதியை கூகுள் ஃப்ரீபிஎஸ்டிக்குத் தர்றதில்ல. குரோம் பிரவுசரையும் தர்றதில்ல. லினக்ஸ் புரோகிராமை ஃப்ரீபிஎஸ்டிக்குள்ள ஓட்டுற ஒரு வசதி மூலமா சுத்தி வளைச்சுத்தான் பார்க்கணும். என்விடியா மாதிரி சில கம்பெனிகள் மட்டும் அதுக்கும் டிரைவர் தர்றாங்க.

அந்தத் தயாரிப்பை நம்பி கோடிக்கணக்குல பிசினஸ் பண்ற கம்பெனிகிட்ட சொந்தமா இன்ஜினியர்கள் இருக்காங்க. அவங்களுக்கு வெளி சப்போர்ட் தேவையில்ல. நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்ல. அதனால "பெரிய கம்பெனியே இதைப் பயன்படுத்துது"ங்கிறதை வெச்சு நாம முடிவு எடுக்கக் கூடாது. முதன்முறையா மாறுறவங்க உபுண்டு அல்லது அதை அடிப்படையா வெச்ச லினக்ஸ் மின்டோட நிறுத்திக்கிறது நல்லது. சாஃப்ட்வேர் கம்பெனிகளோட பட்டியல்ல உபுண்டு பேருதான் அதிகமா வரும்.

நம்ம வேலைக்கு எது ஓடும், எது ஓடாது?

ஆபீஸ் வேலை: மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஆப் லினக்ஸுக்கு இல்ல. பிரவுசர்ல வேர்ட், எக்ஸெல் ஓடும். லிப்ரே ஆபீஸ் இலவசம், சாதாரண வேலைக்குப் போதும். ஆனா மேக்ரோ நிறைஞ்ச எக்ஸெல் ஃபைல்கள் அதுல தகராறு பண்ணும். ஜூம், ஸ்லாக் ரெண்டுக்கும் லினக்ஸ் ஆப் இருக்கு. சொந்த லேப்டாப்புல ஆபீஸ் மெயில் பார்க்குறவங்க கவனிங்க: உங்க கம்பெனி இன்ட்யூன் மூலமா லேப்டாப்பை செக் பண்ணினா, அது லினக்ஸ்ல உபுண்டு, ரெட் ஹாட் ரெண்டை மட்டும்தான் ஏத்துக்கும். ஐடி டீம்கிட்ட கேக்காம மாறிடாதீங்க.

கணக்கு வேலை: டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும். இதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஜோஹோ புக்ஸ் மாதிரி பிரவுசர்ல ஓடுறது எந்த சிஸ்டத்துலயும் ஓடும். ஆனா உங்க கிளையன்ட் டேலி ஃபைல் கேட்டா டேலிதான் வேணும்.

வருமான வரி: ஐடிஆர்-1, ஐடிஆர்-2 எல்லாம் போர்ட்டல்லயே ஆன்லைன்ல ஃபைல் பண்ணலாம், லினக்ஸ்ல பிரச்சினை இல்ல. டவுன்லோட் பண்ற எக்ஸெல் யுடிலிட்டி மைக்ரோசாஃப்ட் எக்ஸெலோட மேக்ரோவை நம்பி இருக்கு, லிப்ரே ஆபீஸ்ல அதை நம்பி உக்காராதீங்க. சம்பளத்தை மட்டும் காட்டி ஃபைல் பண்றவங்களுக்கு இது தேவைப்படாது.

டிரேடிங், முதலீடு: கைட் மாதிரி வெப் தளங்கள், மியூச்சுவல் ஃபண்ட் தளங்கள், நெட் பேங்கிங் எல்லாம் பிரவுசர்தான். டிரேடிங்வியூவுக்கு லினக்ஸ் டெஸ்க்டாப் ஆப்பே இருக்கு. அமிபுரோக்கர் விண்டோஸ் மட்டும்.

டிசைன், வீடியோ: போட்டோஷாப், பிரீமியர் புரோ உள்ளிட்ட அடோபியோட முக்கியமான ஆப்கள் லினக்ஸுக்கு இல்ல. டாவின்சி ரிசால்வ் இருக்கு. ஆனா ஒரு சிக்கல்: லினக்ஸ்ல அதோட இலவச பதிப்பு ஹெச்.264, ஹெச்.265 வீடியோக்களை எடுத்துக்காது. நம்ம போன், கேமரா பெரும்பாலும் எடுக்குறது அந்த வடிவத்துலதான்! ஒவ்வொரு கிளிப்பையும் மாத்தி ஏத்தணும், இல்லன்னா 295 டாலர் கொடுத்து ஸ்டுடியோ பதிப்பு வாங்கணும். அது 25,000 ரூபாய்க்கு மேல. அதே இலவச பதிப்பு விண்டோஸ்ல ஹெச்.264 ஃபைலை நேராவே திறக்கும். "லினக்ஸ்ல கிடைக்கும்"னு ஒரு வரியை மட்டும் படிச்சுட்டு மாறினா, இந்த மாதிரி விஷயம் அப்புறம்தான் தெரிய வரும்.

இன்ஜினியரிங்: ஆட்டோகேட் இல்ல. பிரிக்ஸ்கேட் லினக்ஸுக்கு இருக்கு, அதுக்கும் காசு உண்டு.

பொழுதுபோக்கு: லினக்ஸ் பிரவுசர்ல நெட்ஃபிளிக்ஸ் ஓடும், 4கே தரத்துல வராது. 4கே-க்காக லேப்டாப்பை நம்பி பிரீமியம் பிளான் கட்டுறீங்கன்னா அது வீண் செலவு.

நடுவழி ஏதாவது இருக்கா?

இருக்கு, ரெண்டு. முதல்ல வைன். விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டுற இலவச கருவி, 1993-ல இருந்து வளர்ந்துட்டு வருது. கோட்வீவர்ஸ் கம்பெனி இதையே மெருகேத்தி கிராஸ்ஓவர்ங்கிற பேருல சப்போர்ட்டோட விக்குது. பழைய, சின்ன சாஃப்ட்வேர்களுக்கு நல்லா உதவும். ஆனா ஒரு அப்டேட் வந்து ஓடாம போனா, அந்த சாஃப்ட்வேரைத் தயாரிச்ச கம்பெனி உங்க போனை எடுக்காது.

ரெண்டாவது விர்ச்சுவல் மெஷின். லினக்ஸுக்குள்ள ஒரு விண்டோஸ். இதுக்கு விண்டோஸ் லைசன்ஸ் வேணும், ரேமும் கூடுதலா வேணும். 8 ஜிபி ரேம் இருக்குற பழைய லேப்டாப்புல இது மூச்சு வாங்கும்.

சம்பாதிக்குற வேலைக்கு இந்த ரெண்டையும் முதல் திட்டமா வெச்சுக்காதீங்க. மாசத்துல ஒரு நாள் தேவைப்படுற வேலைக்கு ஓகே.

இப்ப கணக்கு: மூணு பேர், மூணு முடிவு

எல்லாம் உதாரண எண்கள்தான். உங்க எண்களை வெச்சு நீங்க மாத்திப் போட்டுப் பாருங்க. புது லேப்டாப் 50,000 ரூபாய்னு எடுத்துக்குவோம்.

முதல் நபர், பேக்எண்ட் டெவலப்பர். ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் லேப்டாப் இருக்கு. சொந்த லேப்டாப் படிக்க, கோட் எழுத, பிரவுசர் பார்க்க. அவரோட பட்டியல்ல இருக்குறது எல்லாமே லினக்ஸ்ல அதிகாரபூர்வமா ஓடும். பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி, ரேம்னு 5,000 ரூபாய் செலவு பண்ணி லினக்ஸ் போட்டா 45,000 மிச்சம். ஆனா அந்த மிச்சம் கையில நிக்கணும்ல? மாசம் 2,500 ரூபாய் ஒரு ஆர்டியில போட்டா 18 மாசத்துல 45,000, கூடவே வட்டியும். லேப்டாப் நிஜமாவே செத்துப் போற அன்னைக்கு இஎம்ஐ இல்லாம கையில காசோட கடைக்குப் போகலாம்.

ரெண்டாவது நபர், அக்கவுண்ட்ஸ் வேலை பார்ப்பவர். பகல்ல கம்பெனி வேலை. சாயங்காலம் ரெண்டு கடைக்கு டேலியில கணக்கு எழுதி மாசம் 6,000 ரூபாய் கூடுதல் வருமானம். இவர் "இலவசம்"னு லினக்ஸுக்கு மாறினா அந்த 6,000 நின்னு போகும். 8 மாசத்துல 48,000 ரூபாய் நஷ்டம். கிட்டத்தட்ட ஒரு புது லேப்டாப்போட விலை! இவர் மாறவே கூடாது. அவசரப்பட்டு இஎம்ஐ போடவும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட செக்யூரிட்டி அப்டேட் திட்டம் இருக்கு. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸை சிங்க் பண்ணினா இலவசமாவே கிடைக்கும். அந்த இடைவெளியில அந்த 6,000-ஐ அப்படியே ஒதுக்கி வெச்சா, 8, 9 மாசத்துல லேப்டாப் காசு தயார்.

மூணாவது நபர், வார இறுதியில கல்யாண வீடியோ எடிட் பண்றவர். மாசம் சராசரி 8,000 ரூபாய் வருது. பிரீமியர் புரோவுல கை பழகினவர். லினக்ஸுக்கு மாறினா புது சாஃப்ட்வேர் கத்துக்கணும், ஃபைல் மாத்துற வேலை, இல்லன்னா 25,000-க்கு மேல ஸ்டுடியோ பதிப்பு. கத்துக்குற மூணு மாசம் ஆர்டர் எடுக்காம விட்டா மட்டும் 24,000 போச்சு. ரெண்டையும் கூட்டினா புது லேப்டாப்போட விலை வந்துடுது. இவருக்கு லேப்டாப்தான் முதலீடு, 7 மாச வருமானத்துல காசைத் திருப்பி எடுத்துடலாம்.

ஆனா இப்பதான் எடிட்டிங் கத்துக்க ஆரம்பிக்கிறீங்கன்னா, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் கிடைக்குற சாஃப்ட்வேரா பார்த்து கத்துக்கோங்க. உங்க திறமை ஒரே கம்பெனிகிட்ட மாட்டிக்காது.

மாறுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க

1. பட்டியல் போடுங்க. கடந்த 3 மாசத்துல நீங்க திறந்த எல்லா சாஃப்ட்வேரையும் எழுதுங்க. பக்கத்துல "வருமானம்", "கட்டாயம்", "பொழுதுபோக்கு"ன்னு குறிச்சுக்கோங்க.

2. கம்பெனியோட சிஸ்டம் ரிக்வயர்மெண்ட்ஸ் பக்கத்தை மட்டும் நம்புங்க. யூடியூப் வீடியோவை, எங்க வீடியோ உட்பட, கடைசி ஆதாரமா எடுத்துக்காதீங்க. எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன்னு பாருங்க. அடிக்குறிப்புல எந்த வசதி இல்லைன்னு போட்டிருக்கும், அதையும் படிங்க.

3. "வருமானம்"னு குறிச்சதுல ஒண்ணாவது நாலாவது நிலையில இருந்தா நிறுத்திடுங்க. மத்ததுல எல்லாம் பாஸ் ஆனாலும் சரி.

4. பென்டிரைவ்ல போட்டு ஓட்டிப் பாருங்க. லினக்ஸை இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்ல இருந்து ஓட்டலாம். வைஃபை, பிரிண்டர், வெப்கேம், சவுண்ட் எல்லாம் வேலை செய்யுதான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

5. ஒரு மாசம் டூயல் பூட். விண்டோஸையும் வெச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி எல்லா ஃபைலையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுங்க. 30 நாள்ல எத்தனை தடவை விண்டோஸுக்குத் திரும்பிப் போனீங்க, எதுக்காகப் போனீங்கன்னு எழுதி வெச்சா, பதில் தானா கிடைச்சிடும்.

6. வருஷ சந்தா உடனே கட்டாதீங்க. லினக்ஸுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் வாங்குறீங்கன்னா முதல்ல டிரையல், அப்புறம் மாச சந்தா. உங்க ஃபைலை பொதுவான வடிவத்துல வெளியே எடுக்க முடியுதான்னும் பாருங்க. நாளைக்கு சப்போர்ட் நின்னாலும் உங்க வேலை உங்ககிட்ட இருக்கும்.

அடிக்கடி கேக்குற கேள்விகள்

விண்டோஸ் 10-லயே இருந்தா என்ன ஆகும்? லேப்டாப் ஓடும். ஆனா நீட்டிப்பு திட்டத்துல சேராம இருந்தா செக்யூரிட்டி அப்டேட் வராது. நெட் பேங்கிங், டீமேட் பார்க்குற லேப்டாப்புல அது ரிஸ்க்.

கிராக் வெர்ஷன் போட்டுக்கலாமே? கிராக் ஃபைலோட வர்ற வைரஸ் உங்க பாஸ்வேர்டைத் திருடினா, நீங்க மிச்சம் பண்ணினது எல்லாம் ஒரே நாள்ல போயிடும். கணக்கு போடும்போது ஒரிஜினல் விலையை வெச்சே போடுங்க.

லினக்ஸ் கத்துக்க கஷ்டமா? தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள்ல விண்டோஸோட சேர்த்து, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் வந்தது. உங்கள்ல சிலர் பள்ளியிலயே அதைத் தொட்டுப் பார்த்திருப்பீங்க. பழக ஒரு வாரம் போதும். உங்க சாஃப்ட்வேர் அதுல இருக்கா இல்லையாங்கிறதுதான் கஷ்டமான பகுதி.

உபுண்டுக்கு பாதுகாப்பு அப்டேட்டுக்கு காசு கட்டணுமா? சாதாரண அப்டேட் இலவசம். நீண்ட கால அப்டேட் தர்ற உபுண்டு புரோ திட்டமும் தனிநபர்களுக்கு 5 கம்ப்யூட்டர் வரைக்கும் இலவசம்.

கடைசியா

50,000 ரூபாய் மிச்சம் பண்றதும், 6,000 ரூபாய் மாச வருமானத்தைக் காப்பாத்துறதும் ரெண்டுமே பணம்தான். எல்லாமே பிரவுசர்ல ஓடுற ஒருத்தர் இஎம்ஐ போட்டு புது லேப்டாப் வாங்குறதும் தப்பு, டேலியை நம்பி சம்பாதிக்குற ஒருத்தர் இலவசம்னு லினக்ஸுக்குத் தாவுறதும் தப்பு. ஒரு பேப்பர் எடுத்து அந்தப் பட்டியலை இன்னைக்கே போட்டுடுங்க, அரை மணி நேரம்கூட ஆகாது.

உங்க பட்டியல்ல எந்த சாஃப்ட்வேர் தடையா நிக்குதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அதிகமா வர்றதை எடுத்து, அதுக்கு மாற்று என்ன, செலவு என்னன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம். புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போட யோசிச்சுக்கிட்டு இருக்குற ஃப்ரெண்டுக்கு இதை அனுப்பி விடுங்க.